எங்கள் ஊரில் வெள்ளி என்பது தாள்

அனிமேஷன் படத் தயாரிப்பிலிருந்து நான் ஓய்வு பெற்றபோது எனக்கு முப்பத்தாறு வயது. இப்போது செபராங் ஜெயாவில் ஒரு மருத்துவக் கருவிக் கிடங்கில், சரக்கு எப்போது வரும், எப்போது போகும் என்று திட்டமிடுகிறேன். சரக்கு பேசுவதில்லை. அதனால் வேலை சுலபம்.

சென்ற மாதம் அனிமேஷன் படிக்கும் இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். தொழிலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். பிறகு கைப்பேசியில் ஒரு மென்பொருளைக் காட்டினார்கள். திரையில் ஒரு முகம் தமிழில் பேசியது. ஒரு பொத்தானைத் தொட்டதும் அதே முகம் மலாயில் பேசியது. உதடுகள் தாமாகவே மாறிக்கொண்டன.

"இனிமே வாய் பிரச்சினையே இல்லலா அக்கா," என்றாள் ஒருத்தி. "நீங்கள்லாம் அப்ப என்னதான் செஞ்சீங்க?"

மரியாதையாகத்தான் கேட்டாள். பதிலும் மரியாதையாக இருக்க வேண்டும் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் படித்தது கணினி அறிவியல். முதல் இரண்டு வருடங்கள் ஸ்டூடியோவில் என் வேலை, கணினி வரைந்து முடித்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, கண் இல்லாத முகம், நிழல் இல்லாத கால், சுவருக்குள் போன கை ஆகியவற்றைக் குறித்து வைப்பது. மூன்றாம் வருடம் என்னைத் தயாரிப்பு மேலாளர் ஆக்கினார்கள். காரணம் திறமை அல்ல. முன்பிருந்தவர் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போய்விட்டார். என்னிடம் பட்டியல் போடும் பழக்கம் இருந்தது.

ஸ்டூடியோ ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடை வீட்டின் மாடியில் இருந்தது. கீழே நாசி கண்டார் கடை, சோற்றின் மேல் கறியும் குழம்பும் ஊற்றித் தருவது. மாடியும் கீழும் ஒரே குடும்பத்துடையவை. கீழே கல்லாவில் இருந்தவரை நாங்கள் எல்லோரும் லாத்தா, அதாவது அக்கா, என்று அழைப்போம். மாடியில் இருந்தவர் அவருடைய தம்பி, என் முதலாளி, ஹமீது அண்ணன். படத் தயாரிப்பாளர் என்றால் கறுப்புக் கண்ணாடி, பெரிய கார் என்று நினைப்பவர்கள் அவரைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்கள். மதியக் கூட்டம் அதிகமானால் அவர் கீழே போய் மேசை துடைப்பார். மறுபடி மேலே வந்து, விட்ட இடத்திலிருந்து கூட்டத்தை நடத்துவார்.

படத்தின் வரவு செலவை அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது கடை மொழியில்தான்.

"சோறுன்னா சம்பளம். கறின்னா வெளியில குடுக்குற வேலை. குழம்புன்னா கையிருப்பு. குழம்பு எல்லாத்து மேலயும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்தணும். ஒண்ணுலயே கவுத்துறக் கூடாது. விளங்குச்சா?"

விளங்கியது. பிறகு பெரிய கம்பெனிகளின் பயிற்சி வகுப்புகளுக்கும் போயிருக்கிறேன். இதற்கு மேல் எதுவும் சொல்லித்தரவில்லை.

ஒப்பந்தம் வந்தால் அவர் உட்கார்ந்து படிக்க மாட்டார். மாடிப்படி முனையில் நின்றுகொண்டு, ஒரு விதியை ஆங்கிலத்தில் உரக்கப் படிப்பார். அதையே தமிழில் சொல்வார். பிறகு என்னைப் பார்த்து, "இது நமக்கா, அவங்களுக்கா?" என்று கேட்பார். நான் பதில் சொன்ன பிறகுதான் அடுத்த விதி. ஒரு ஒப்பந்தத்துக்கு ஒரு பகல் போகும். கீழே சாப்பிட வருகிறவர்களுக்கும் எங்கள் விதிகள் ஓரளவு தெரிந்திருந்தன.

நான் சொல்ல வந்த படம் ஓர் உடும்பைப் பற்றியது. சுங்கை பினாங் அடுக்குமாடியில் வாழும் ஒரு சிறுமி, ஆற்றோரம் ஓர் உடும்பைப் பழக்குகிறாள். ஒருவன் அதைப் பிடித்து விற்கப் பார்க்கிறான். "அம்பது வெள்ளி கொண்டா, விட்டுர்றேன்," என்கிறான். அவள் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்க்கிறாள். சேர்ந்ததும் அவன் முன்னால் கொட்டுகிறாள். இவ்வளவுதான் கதை. நான் சுங்கை பினாங்கில் பிறந்தவள். கதையில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை, உடும்பு பேசுவதைத் தவிர.

பணம் மூன்று வழியில் வந்தது. ஹமீது அண்ணன் போட்டது கொஞ்சம். சென்னையில் ஒரு விநியோக நிறுவனம், படம் முடியும் முன்பே உரிமையை வாங்கிக்கொள்ள ஒப்புக்கொண்டது. அதில் ஒரு பகுதி கையெழுத்தானதும், பெரும்பகுதி படத்தை ஏற்றுக்கொண்ட பிறகும் தருவார்கள். அந்தப் பெரும்பகுதி வரும்வரை படம் எடுக்க வங்கிக் கடன். வங்கி, சென்னை ஒப்பந்தத்தை மட்டும் நம்பவில்லை. கடையை ஈடாக எழுதி வாங்கிக்கொண்டது. கடை இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால் லாத்தாவும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

"ஒரு உடும்புக்காக என் கடைய வைக்கிறியா?" என்றார் லாத்தா.

"பேசுற உடும்பு லாத்தா," என்றார் ஹமீது அண்ணன்.

லாத்தா கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் படியேறும்போது கல்லாவிலிருந்து கேட்பார்: "என்னம்மா, உடும்பு முடிஞ்சுருச்சா?" நான், "இன்னும் இல்ல லாத்தா," என்பேன். "பசியாறிட்டுப் போ," என்பார். இரண்டு வருடங்கள் இப்படி.

சென்னை ஒப்பந்தத்தில் ஒரு விதியை ஹமீது அண்ணன் இரண்டு முறை படித்தார். படம் விநியோகஸ்தருக்குத் திருப்தியாக இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

"இது யாரோட திருப்தி?"

"அவங்களோடதுண்ணே."

"நம்ம கடையிலயும் வயிறு முட்டத் தின்னுட்டுத் திருப்தியில்லன்னு சொல்றவன் இருக்கான். ஆனா காசு குடுத்துட்டுத்தான் சொல்லுவான்."

அப்படிச் சொல்லிவிட்டுக் கையெழுத்திட்டார். வேறு விநியோகஸ்தர் இல்லை.

முதல் தவணைக்குக் காத்திருந்தபோது சென்னையிலிருந்து மதன் என்பவர் செய்தி அனுப்பினார். எங்கள் படத்துக்கு அங்கே பொறுப்பாளர் அவர்தான். 'வெள்ளி வரும் சார்' என்று இருந்தது. ஹமீது அண்ணனுக்கு மகிழ்ச்சி. "பாரு யோகேஸ், நம்ம பேச்சையே புடிச்சுட்டான்," என்றார் என்னிடம். வங்கி அதிகாரியிடம், பணம் வரப்போகிறது என்று சொன்னார். எப்போது என்று அவர் கேட்டதற்கு, அதை மட்டும் சென்னைக்காரர் சொல்லவில்லை என்றார். பணம் வெள்ளிக்கிழமை வந்தது. பிறகுதான் செய்தி எங்களுக்குப் புரிந்தது. எங்கள் பணமான ரிங்கிட்டை நாங்கள் வெள்ளி என்போம். தமிழ்நாட்டில் வெள்ளி என்றால் கிழமை, அல்லது உலோகம். இதை அன்று ஒரு வேடிக்கையாக எடுத்துக்கொண்டு, சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தோம்.

அனிமேஷனில் குரல் முதலில், வாய் பிறகு. நடிகர் பேசியதைப் பதிவு செய்து, அந்த ஒலிக்கேற்ப உருவத்தின் உதடுகளை அசைப்பார்கள். 'ப', 'ம' வந்தால் உதடு மூட வேண்டும். 'வ' வந்தால் மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். 'ஊ', 'ஓ' வந்தால் குவிய வேண்டும். மற்ற எழுத்துகளில் கொஞ்சம் ஏமாற்றலாம். இவற்றில் முடியாது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். எங்கள் படத்துக்குக் குரல் கொடுத்தவர்கள் பெரும்பாலும் சுங்கை பினாங்கில் இருந்தவர்கள். வீட்டில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேசச் சொன்னோம். அப்படியே பேசினார்கள்.

டின்னைக் கொட்டும் காட்சியைக் கோயம்புத்தூரில் ஒரு சிறு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தோம். அது கறி. முடிந்து வந்தபோது நானும் ஹமீது அண்ணனும் சேர்ந்து பார்த்தோம். சிறுமி டின்னைக் கவிழ்த்தாள். மேசை மேல் வெள்ளி நாணயங்கள் கொட்டின. ஒவ்வொன்றிலும் மயில் முத்திரை. அவை உருண்டன, ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்தன, விளக்கொளியில் மின்னின. கலை நோக்கில் குறை சொல்ல இடமில்லை.

கோயம்புத்தூரில் மேற்பார்வை பார்த்த அனிதாவை அழைத்தேன்.

"அனிதா, இது என்ன?"

"நீங்க அனுப்பின பொருள் பட்டியல்ல வெள்ளி, ஐம்பதுன்னு இருந்துச்சு மேடம்."

"வெள்ளின்னா தாள். நோட்டு."

"வெள்ளி எப்படி மேடம் தாளாகும்?" என்றாள். "நாங்க எண்ணி ஐம்பது வச்சிருக்கோம். தங்கம்கூட வைக்கல."

அந்தப் பட்டியலை எழுதியது நான்தான். இன்று எழுதினாலும் அப்படித்தான் எழுதுவேன். எங்கள் ஊரில் வெள்ளி என்பது தாள்.

தாள் விழும் விதம் வேறு, நாணயம் விழும் விதம் வேறு. காட்சியைத் திரும்பச் செய்ய வேண்டும். மிச்சமிருந்த குழம்பில் பாதி அதற்குப் போகும். ஹமீது அண்ணன் திரையைப் பார்த்துக்கொண்டே, "மயில் அழகா இருக்கு," என்றார். பிறகு, "மாத்து," என்றார். அடுத்த வாரத்துக்கு வேலையைப் பதிந்து வைத்தேன். அதற்கிடையில் முழுப் படத்தையும், நாணயக் காட்சியோடு, பார்வைக்காக மதனுக்கு அனுப்பினோம். கீழே ஒரு குறிப்பும் சேர்த்தேன்: இக்காட்சி மாற்றப்படும்.

சென்னையிலிருந்து தர அறிக்கை வந்தது. மூன்று குறைகள் சொல்லியிருந்தார்கள். முதலாவது: வசனங்களில் 'வெள்ளி' என்ற சொல் பொருளற்று வருகிறது, 'ரூபாய்' என மாற்றவும். இரண்டாவது: 'பசியாறிட்டியா' என்று எல்லோரும் எல்லோரையும் கேட்கிறார்கள், இவ்வளவு பசிக்குக் கதையில் காரணம் இல்லை. மூன்றாவது: ஒலிப்பதிவில் கோளாறு, பல வாக்கியங்களின் இறுதியில் 'லா' என்ற தேவையற்ற சத்தம் கேட்கிறது, நீக்கவும்.

மூன்றாவதை எங்கள் ஒலிப்பதிவாளர் பூனுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சீனர். எங்கள் ஊரில் எந்த மொழி பேசுபவரும் வாக்கியத்தின் வாலில் ஒரு 'லா' போடுவார்கள். எங்கள் தமிழில் அவருக்கு முழுசாகப் புரிந்த சொல் அது ஒன்றுதான். அதைக் கோளாறு என்கிறார்களா என்று மூன்று முறை கேட்டார்.

ஆனால் கடையைத் தூக்கக்கூடியது முதல் குறை. படம் முழுக்க வெள்ளி. அம்பது வெள்ளி, பத்து வெள்ளி, இன்னும் அஞ்சு வெள்ளி. 'வெள்ளி' என்னும்போது பல் உதட்டைத் தொட்டு வாய் அகல விரிகிறது. 'ரூபாய்' என்னும்போது உதடு குவிந்து, பிறகு மூடித் திறக்கிறது. ஒன்றின் வாயில் மற்றொன்றை வைத்தால், அந்தச் சிறுமி கெட்டுப்போன பாலைக் குடித்ததுபோல் இருக்கும். வாய்களை எல்லாம் திரும்ப அசைக்க, மிச்சமிருந்த குழம்பைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். அசைக்காவிட்டால் திருப்தி இல்லை. திருப்தி இல்லாவிட்டால் பெரும்பகுதிப் பணம் இல்லை. வங்கி கொடுத்த கெடு அந்த மாதக் கடைசி.

வெள்ளியின் வாய்க்குப் பொருந்தும் வேறு சொற்களைத் தேடிப் பார்த்தேன். வெள்ளை, வேலி, வெட்டி, வள்ளி. எதுவும் பணமில்லை. ஒருவன் 'அம்பது வள்ளி' என்று கேட்டால் எங்கள் ஊர்த் தண்ணீர்மலை முருகன் சும்மா இருக்க மாட்டார். பட்டியலை மூடிவிட்டேன்.

மதனோடு காணொளியில் பேசினோம். ஹமீது அண்ணன் அன்று மேசை துடைக்கும் துணி தோளில் இருந்தபடியே உட்கார்ந்தார். மதன் நல்ல மனிதர். குரலை உயர்த்தாமல் பேசினார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இங்க யாருக்கும் புரியாது. வெள்ளின்னா ஒண்ணு ஃப்ரைடே, இல்ல கொலுசு. அம்பது ஃப்ரைடே கொண்டு வான்னா என்ன சார் அர்த்தம்?"

"ஒரு வருசம் கழிச்சு வான்னு அர்த்தம் தம்பி," என்றார் ஹமீது அண்ணன்.

மதன் சிரித்தார். ஆனால் விடவில்லை. "பசியாறுறதுகூட ஓகே சார், அழகாதான் இருக்கு. அந்த லா மட்டும் என்னன்னு சொல்லுங்க."

"உங்க ஊருல வாங்க, போங்கன்னு ஒரு 'ங்க' போடுவீங்கள்ல. அது மாதிரி."

"ஓ, மரியாதையா சார்?"

"ஆமா."

அது பொய். ஆனால் ஒப்பந்தத்தின் எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. மதன் எதையோ அடித்துத் திருத்துவது தெரிந்தது. "அப்ப மூணாவதை எடுத்துடறேன். வெள்ளி மட்டும்தான் சார். அதை என்னால விட முடியாது, மேல கேட்பாங்க. அந்த டின்னைக் கொட்டற சீன் ஒண்ணுலதான் உறுத்தல. அங்க வெள்ளியைக் கண்ணால பாக்கறோம்ல? நிஜமாவே வெள்ளிக் காசுதான் சேத்திருக்கான்னு அங்கதான் சார் புரியுது."

ஹமீது அண்ணன் கையை நீட்டி ஒலியை நிறுத்தினார். திரையில் மதன் காத்திருந்தார்.

"யோகேஸ், அந்தக் காசை மாத்திட்டியா?"

"இல்லண்ணே. அடுத்த வாரம்."

"மாத்தாதே."

நான் திரையைப் பார்த்தேன். டின் படம் முழுக்க வருகிறது. சிறுமி அதைக் கட்டிலுக்கடியில் வைக்கிறாள், தூக்குகிறாள், குலுக்குகிறாள், மார்போடு அணைக்கிறாள். ஆனால் மூடி எப்போதும் சாத்தியே இருக்கிறது. உள்ளே இருப்பதைக் காட்டுவது கடைசியில் அந்த ஒரு காட்சி மட்டுமே.

"அண்ணே, டின்னுக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது," என்றேன். "சத்தம் வச்சாத்தான் தெரியும். தாளுங்கிறதால சத்தமே வைக்கல."

"சத்தத்துக்கு எவ்வளவு குழம்பு?"

"ஒரு கரண்டி."

அவர் ஒலியைத் திறந்தார். படம் தொடங்கியதிலிருந்தே அது வெள்ளிக் காசு என்று விளங்கும்படி செய்தால் சொல்லை அப்படியே விட முடியுமா என்று மதனிடம் கேட்டார். மதன் யோசித்தார். விளங்கினால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

பூன் முதலில் லாத்தாவின் கல்லாச் சில்லறையை ஒரு டின்னில் போட்டுக் குலுக்கினார். மலிவான சத்தம் என்றார். கடைக் கரண்டிகளைப் போட்டார். சமையலறை போல இருந்தது. பிறகு என் காலைப் பார்த்தார். என் கொலுசில் முத்து இல்லை. நடந்தால் சத்தம் வராது. அதைக் கழற்றிச் சில்லறையோடு சேர்த்துப் போட்டுக் குலுக்கியதும் சத்தம் இறங்கி, கனத்து வந்தது. சிறுமி கட்டிலுக்கடியில் டின்னைத் தள்ளும்போது, மாடிப்படியில் ஓடும்போது, உடும்பிடம் காட்டும்போது எல்லாம் கேட்பது அதுதான். படத்தில் இருக்கும் ஒரே உண்மையான வெள்ளி.

மென்பொருள் வைத்திருக்கும் பெண்களுக்கு: உங்கள் பொத்தான் இருந்திருந்தால் நாங்கள் ஒரே பகலில் ரூபாய் என்று மாற்றியிருப்போம். கடை தப்பியிருக்கும். சுங்கை பினாங் ஆற்றோரத்தில் ஒருவன் ரூபாய் கேட்டிருப்பான். நாங்கள் செய்தது அதைவிடச் சரியா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

மதன் ஏற்றுக்கொண்டு கடிதம் அனுப்பினார். கூடவே ஒரு செய்தி: 'வெள்ளி வரும் சார்.' நான் உடனே, 'எந்த வெள்ளி?' என்று கேட்டேன். 'வர்ற ஃப்ரைடே மேடம்,' என்று பதில் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாலையே, குரல் கொடுத்தவர்களுக்காகச் சுங்கை பினாங்கில் ஒரு மண்டபத்தில் படத்தைப் போட்டோம். ஹமீது அண்ணன் தொழுகை முடிந்ததிலிருந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பணம் வரவில்லை. விளக்கை அணைத்தோம். தங்கள் குரல் வரும்போது ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைத் தட்டினார்கள். உடும்பு பேசியதும் கை தட்டினார்கள். டின் குலுங்கும்போது மட்டும் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிறுமி டின்னைக் கொட்டும் காட்சி வந்தது. எல்லோரையும் அழவைக்க எழுதப்பட்ட காட்சி. மயில் முத்திரையோடு நாணயங்கள் உருண்டன. மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்க நேரமானது. அதற்குள் சிறுமி உடும்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

படம் முடிந்ததும் சரோஜா அக்கா எங்களிடம் வந்தார். என் அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீடு. காய்கறி விற்பவளாகக் குரல் கொடுத்தவர்.

"நல்லாதான் இருக்கு யோகேஸ். ஒண்ணே ஒண்ணுதான் விளங்கல. இவ்வளோ வெள்ளி வச்சிருக்குற புள்ள, எதுக்குலா இந்த ஃபிளாட்ல கெடக்குது?"

ஹமீது அண்ணன்தான் சொன்னார். "அது சென்னைக்கு ஊத்துன குழம்பு, அக்கா. நமக்குச் சேராது."

சரோஜா அக்காவுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார். ஹமீது அண்ணன் காலி நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார். நானும் அடுக்கினேன். அடுக்கும்போது அவர் இரண்டு முறை கைப்பேசியை எடுத்துப் பார்த்தார்.

சனி, ஞாயிறு வங்கி இல்லை. திங்களும் எதுவும் வரவில்லை. வங்கிக் கெடுவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. திங்கள் காலை நான் படியேறியபோது லாத்தா உடும்பைப் பற்றிக் கேட்கவில்லை. பசியாறச் சொன்னார், அவ்வளவுதான்.

செவ்வாய் மதியம் வங்கியிலிருந்து அழைத்தார்கள். ஹமீது அண்ணன் பேசி முடித்து, கைப்பேசியை மேசை மேல் வைத்தார். பிறகு, "நீ போய்ச் சொல்லு. நான் சொன்னா லாத்தா நம்பாது," என்றார்.

கீழே கூட்டமாக இருந்தது. லாத்தா கல்லாவிலிருந்து நிமிர்ந்தார்.

"வந்துருச்சு லாத்தா," என்றேன்.

"என்னது?"

"வெள்ளி."

"வெள்ளிக்கிழமைன்னுதானே சொன்னான்? இன்னிக்குச் செவ்வாய்."

"இது நம்ம வெள்ளி லாத்தா."

லாத்தா முக்காட்டின் நுனியால் முகத்தை ஒரு முறை அழுத்தித் துடைத்துக்கொண்டார். எதிரில் சாப்பிட்டு முடித்த ஒருவர் நின்றிருந்தார். அவரிடம் திரும்பி, "ஒம்பது வெள்ளி," என்றார். அவர் பையில் கைவிட்டு ஒரு பத்து வெள்ளித் தாளை எடுத்து நீட்டினார். லாத்தா ஒரு தாளைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டும் சத்தமில்லாமல் கை மாறின.